வைட்டமின் புட்டியில் இருந்தது

ஜூன் 3
மகளுக்கு ஒன்பது வயது. போன வருடத்துச் சீருடை இன்னும் கச்சிதமாக இருக்கிறது. "அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கே" என்று என் கணவர் மெச்சிக்கொண்டார். ஒரு வருடமாக அவள் வளரவே இல்லை என்பது எனக்குத்தான் உறைத்தது.

ஜூன் 9
குழந்தை மருத்துவர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்றார். கணவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இல்ல டாக்டர்" என்றேன்.

இருக்கிறது. எனக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே. "வாயத் தெறக்காதடி, சம்பந்தம் கலைஞ்சிடும்" என்று அம்மா போட்ட உத்தரவு. அன்றிலிருந்து என் தைராய்டு மாத்திரை வைட்டமின் புட்டியில்தான் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். மருந்தைப் புட்டி மாற்றி வைக்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு.

ஜூன் 14
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பே தன் தைராய்டைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறதாம். அப்படித் தாக்குகிற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) எக்கச்சக்கம். ஆனால் ஹார்மோன் அளவு சரியாக இருக்கிறது. "அப்போ வளர்ச்சி நின்னதுக்கு வேற காரணம் இருக்கணும். வளர்ச்சி ஹார்மோன் தலையிலதான் சுரக்குது, அங்க ஸ்கேன் பண்ணிடலாம்" என்றார் மருத்துவர்.

தலையா?

ஜூன் 15
புட்டி ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று கணவரிடம் கேட்டேன். "பிள்ளை சோர்ந்து போறாளேன்னு ரெண்டு மாசமா உன் வைட்டமின்ல ஒண்ணு குடுக்கறேன். இப்பதான் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கா" என்றார், பெருமையாக.

ஹார்மோன் அளவைச் சரியென்று காட்டியது அவள் சுரப்பி இல்லை, என் மாத்திரை. என்னடி பண்ணி வச்சிருக்கே? உன் பொய் பிள்ளையோட ரத்தம் வரைக்குமா போகணும்?

சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 17
மருத்துவரிடமும் நானே போய்ச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம்; மாத்திரையை நிறுத்தி, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

"என்னாலதான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு ஜீன் இல்லம்மா, பல ஜீன் சேர்ந்தது. நாம குடுக்கறது வாய்ப்பைத்தான், நோயை இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் வர்றதில்ல. ஆனா உங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே பார்த்திருப்போம்."

முன்னாடியே.

ஜூலை 2
"துவைச்ச சட்டை எங்கன்னு உங்கம்மாகிட்ட கேளு." மகளிடம் சொல்கிறார் அவர். நான் எதிரிலேயே நிற்கிறேன்.

ஜூலை 30
இந்த முறை ரத்தத்தில் பொய் இல்லை. சுரப்பி மந்தம்தான். இன்று முதல் அவளுக்கும் மாத்திரை.

ஆகஸ்ட் 6
சாப்பிட உட்கார்ந்தபோது மகள் சொன்னாள்: "இது எப்படி வந்துச்சுன்னு டீச்சர் கேட்டாங்க. அம்மாகிட்டேருந்துன்னு சொன்னேன். மூக்கும் அம்மாதான்னு சொன்னேன்."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்டேருந்து வந்த கோபத்தைச் சொல்லாம விட்டுட்டாளே" என்றார் அவர், என்னைப் பார்த்து. ஐம்பத்திரண்டு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"அது உங்களோடது" என்றேன்.