நம்பப்படுகிறது

என் அருமை அண்ணே,

நீ விஷக்காய்ச்சலில் போய் இந்த ஆவணியோடு ரெண்டு வருஷம். நீ நடத்திய அஞ்சாம் வகுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். உன் இங்கிலீஷ் அகராதியும் என்னிடம்தான் இருக்கிறது. வரதராஜன்பேட்டையில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் இப்போது நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

ஜெயங்கொண்டத்தில் ஒருவர் ரேடியோ வாங்கியிருக்கிறார். வீணையில் கட்டியதும் தந்தி, சாவுச் சேதி கொண்டுவருவதும் தந்தி, ரெண்டுக்கும் ஒரே பேர் வைத்தவன் யார் என்று என்னைக் கேட்டவன் நீ. இதற்குக் கம்பியே கிடையாதாம். அப்படியென்றால் சேதி எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது? நீ இருந்திருந்தால் ரெண்டு நாள் சோறு இறங்காமல் இதையே யோசித்துக்கொண்டிருப்பாய்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. சவரியம்மா பெரியம்மாவுக்கு வந்த தந்தியைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும்.

யுத்த காலத்தில் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போன அவர் மகன் அருளப்பனைப் பற்றி வந்த தந்தி. நீ படித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். "ஆளக் காணோமாம் பெரியம்மா, தேடிக்கிட்டு இருக்காங்களாம்" என்றாய். உன் விரல் கடைசி ரெண்டு சொல்லைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது என்று அதில் இருந்தது.

திரும்பி வரும்போது நீயாகவே சொன்னாய்: "நெனைக்கிறதுக்கும் நம்புறதுக்கும் இங்கிலீஷ்காரன் ஒரே சொல்ல வச்சிருக்கான். நமக்கு நம்புறதுன்னா வேற இல்லியா? ஒம் மவன் செத்துட்டான்னு நம்புறோம்னு ஒரு தாய்கிட்ட எப்புடிச் சொல்லுவேன்?"

திரும்பிப் போய் முழுதும் படித்துவிடு என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா, அண்ணே?

யுத்தம் முடிந்தது. ஆண்டிமடம் பக்கத்து ஆட்கள் சிலர் திரும்பி வந்தார்கள். அருளப்பன் வரவில்லை. அவன் மனைவி புஷ்பத்துக்கு இருபத்திரண்டு வயசு. மாமியார் வீட்டிலேயே இருந்து முந்திரிக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பா வேறொரு மாப்பிள்ளை பார்த்தார். முதல் புருஷன் இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் மாதா கோயில் சாமியார். பெரியம்மா அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் முழுதும் படித்தேன்.

அவர் அழவில்லை. "இத ஒங்கண்ணன் அன்னைக்கே படிச்சானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "நான் தெனமும் எம் மவனுக்குன்னு ஒரு புடி அரிசி சேத்துப் போட்டேனே செசிலி" என்றார். அதற்குப் பிறகு உன் கல்லறைப் பக்கம் அவர் வரவே இல்லை.

சாமியார் பட்டாள ஆபீசுக்கு எழுதி விசாரித்தார். பிஷப் ஆண்டவரிடம் அனுமதியும் வாங்கினார். தடை இருந்தால் சொல்லச் சொல்லிப் பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை ரெண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் வடக்கே ஒரு பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. தலையில் அடிபட்டுப் பேச்சு இழந்த ஒருவர் அங்கே இருக்கிறார். காணாமல் போனவர்களின் பேர்களைப் படித்துக் காட்டியபோது அருளப்பன் என்ற பேருக்குத் தலையசைத்தார். அவர் உங்கள் மகன் என்று நம்பப்படுகிறது. உறவினர் வந்து அடையாளம் சொல்லவும்.

அதே சொல், அண்ணே. அன்றைக்கு ஆளைக் கொன்றது, இன்றைக்கு எழுப்பிவிட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கும் புஷ்பத்துக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

"நம்பப்படுதுன்னா, யாரு நம்புறா அக்கா?" என்று கேட்டாள் புஷ்பம்.

ஆஸ்பத்திரியின் முடிவு காகிதத்தில் வரும்வரை சாமியார் மூன்றாவது ஓலையை நிறுத்தி வைத்தார். புஷ்பமும் அவள் அப்பாவும் அரியலூரில் ரயிலேறிப் போனார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பியவள் நேரே என்னிடம்தான் வந்தாள்.

"அவரு இல்லக்கா. ஒசரமே வேற. மொகமும் வேற."

"அப்பறம் எதுக்கு அந்தப் பேருக்குத் தலையாட்டுனாராம்?"

"எந்தப் பேரச் சொன்னாலும் ஆட்டுறாரு. நீங்க புஷ்பமான்னு எம்பேரையே சொல்லிக் கேட்டேன். அதுக்கும் ஆட்டுனாரு."

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பிறகு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் பெரியம்மா வந்தார். "அவன் எம் மவன்தான், அனுப்பி வைங்கன்னு எழுதிக் குடு" என்றார்.

"புஷ்பம் இல்லேங்கிறாளே பெரியம்மா?"

"அவ போவப் போறவ. அவளும் போயிட்டா நான் யாருக்குச் சோறாக்குவேன்?"

"அவரத் தேடிக்கிட்டு எங்கியோ ஒரு அம்மா இருப்பாங்க இல்லியா?"

"எனக்குத் தெரியாது." ஆஸ்பத்திரிக் கடிதத்தை என் முன்னால் வைத்துச் சொன்னார்: "ஒங்கண்ணன் எனக்காவ ரெண்டு சொல்ல முழுங்குனான். நீ ஒரு சொல்லு சேத்து எழுத மாட்டியா?"

எழுத மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "அரியலூர்ல எழுதுறவன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அரியலூரில் அவர் எழுதிப் போட்ட கடிதத்துக்கு இன்று காலை பதில் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தார். மனைவி மறுகல்யாணத்துக்கு நிற்பவள் என்பதால் அவள் பேச்சைத் தள்ளிவிட்டு, தாயின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்களாம். அருளப்பனை வருகிற வாரம் ஒரு சிப்பாயோடு அரியலூருக்கு அனுப்புகிறார்களாம். நான் படித்து முடித்ததும் பெரியம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, வீடு மெழுக வேண்டும் என்று அவசரமாகப் போனார்.

அந்த மனிதர் வந்து இறங்கிவிட்டால் காகிதத்தில் புஷ்பத்துக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறான். சாமியாரிடம் அவள் எத்தனை முறை சத்தியம் செய்தாலும் ஆஸ்பத்திரி முத்திரை எதிரில் நிற்கும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் சிலர் இப்போதே "முகம் மாறியிருக்கும், அடிபட்டவன்தானே" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பொய் இவ்வளவு சீக்கிரம் வீடு கட்டிக்கொள்ளுமா?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அண்ணே. நீ இரக்கத்தில் ரெண்டு சொல்லை விட்டாய். நான் நேர்மை என்று நினைத்து முழுதும் படித்தேன். ரெண்டும் சேர்ந்து எங்கோ பிறந்த ஒருவரை நம் ஊருக்கு இழுத்து வருகின்றன.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர் வந்த நாளிலிருந்து தினமும் போய் அவர் எதிரில் உட்காருவேன். தமிழ்ப் பேர், தெலுங்குப் பேர், எனக்குத் தெரிந்த எல்லா ஊர்ப் பேரும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். ஏதோ ஒரு பேருக்கு அவர் தலையசைக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அதுவரை நிறுத்த மாட்டேன்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
செசிலி