விமலாவின் குரல்

ஆடி இரண்டாம் வெள்ளி, சங்கரன்கோவில்

சாயங்காலம் கோயிலை நூற்றெட்டு முறை வலம்வரும் ஆடிச் சுற்று முடித்து, கால் வலியோடு வீட்டுக்கு வந்தால் டிவியில் என் முதல் படம். கதாநாயகனிடம் நான் கதறி அழும் இடம். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏட்டி, சத்தத்தைக் கொறை. அவ அழுகைய என்னால கேக்க முடியல" என்றாள். திரையில் இருப்பது பெற்ற மகள். இருந்தாலும் அம்மாவுக்கு அது 'அவ'தான். குரல் விமலாவுடையது.

என் திருநெல்வேலிப் பேச்சு படத்துக்கு ஒத்துவராது என்று டப்பிங்குக்கு விமலாவைக் கூட்டிவந்தவர் அந்தப் படத்தின் டைரக்டர்தான். அப்போது நானும் அவரும் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு படத்தில் எனக்கு விமலா பேசினாள். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டார். அதன்பிறகு எனக்குப் படமும் வரவில்லை.

இன்று புத்தி கெட்டுப்போய் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது விமலா.

"ராங் நம்பர், வைக்கேன்" என்றேன்.

"அக்கா, வைக்காதீங்க. ஷூட்டிங்ல நீங்க பேசினதைக் கேட்டுக் கேட்டுத்தானே டப்பிங் பேசினேன். உங்க குரல் எனக்குத் தெரியாதா? அவர் வீட்டுக்கு வராம மூணு மாசமாச்சு. உங்ககூடத்தானே இருக்கார்?"

"இல்ல விமலா. இங்கன நானும் அம்மாவும்தான்."

அவள் அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் டிவியில் கேட்ட அதே அழுகை, அதே இடத்தில் அதே விக்கல். போனைக் காதில் வைத்திருந்த என் வாய், எனக்கே தெரியாமல், அதற்கு அசைந்துகொண்டிருந்தது.