நெட்டையன் வந்த பெட்டி

ஊரிலிருந்து,
14.6.2000

அன்புள்ள மச்சானுக்கு சேதுலட்சுமி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் போனில் சொன்னது போதும். நிஜத்தை சுஐபு அண்ணன் சொல்லிவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. லீவு முடிந்து சார்ஜாவுக்கு உங்களிடமே திரும்புகிற சுஐபு அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற வேலையெல்லாம் வேண்டாம். போனைத்தான் பாதியில் வைத்துவிட்டீர்கள்.

பெற்ற தாயே நீ யாரு பெத்த பிள்ளையோ என்று போனில் கேட்டால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? தெரிகிறது. ஆனால் அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் ஆடுகளை அவிழ்த்து விடுகிறார். மிளகாய் வியாபாரி தராசில் கை வைத்தால் பிடித்துக்கொள்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துத் தருகிறார். எல்லாவற்றிலும் தெளிவுதான். மகன் செத்துப்போனான் என்கிற அந்த ஒன்றில் மட்டும் அவரை அசைக்க முடியவில்லை. அது எப்படி வந்தது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. போன் கடையில் பத்துப் பேர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பேஸ் வாத்தியத்தை ஊருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா, மகராசா?

வைகாசியில் ஒரு மத்தியானம். திருச்சியிலிருந்து வந்த கார்கோ வேன் ஒன்று ரோட்டில் நின்று, நாகநாதன் வீடு எது என்று கேட்டிருக்கிறது. மேலே கேரியரில் ஆள் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி. போன வருஷம் பக்கத்து ஊர் முத்தழகுவின் மகன் சவூதியிலிருந்து இதே மாதிரிப் பெட்டியில்தான் வந்தான். வெளிநாட்டிலிருந்து நீளப் பெட்டி வந்தால் நம் ஊருக்கு வேறு என்ன தோன்றும், சொல்லுங்கள். வேன் தெருவுக்குள் திரும்புவதற்குள் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். நான் ஆட்டுக்கல்லில் இருந்தேன். மாவுக் கையோடுதான் வாசலுக்கு வந்தேன்.

டிரைவர் சின்னப் பையன், பயந்துபோய் நின்றான். கையெழுத்துப் போடுங்கம்மா என்று ஒரு தாளை நீட்டினான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, சுற்றி நின்ற ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் பிணத்துக்கு என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் மச்சான். பேர் எழுதிய இடமெல்லாம் மாவு.

நாலு பேர் பெட்டியை இறக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். உங்கள் பெரியப்பா மகன் செல்லச்சாமிதான் தலைமாட்டில் பிடித்தவர். கனமே இல்லையே, அங்கனயே வத்திப் போயிட்டானே என்று சொல்லிச் சொல்லி அழுதார். வெளிநாட்டுப் பெட்டியைச் சட்டென்று திறக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, மூடின பெட்டிக்கே விளக்கேற்றி மாலையும் போட்டார்கள். அத்தை அதன் மேல் விழுந்து கிடந்தார். ராக்கு சின்னம்மா கை நிறையப் பூவோடு வந்தார். கடேசியா ஒரு தடவ வச்சுக்கத்தா என்று என் தலை கொள்ளாமல் வைத்தார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அத்தனை பூ வைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கழுத்து வலித்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

செய்தி கேட்டு ராமநாதபுரத்திலிருந்து உங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிற சேதுராமன் அண்ணன் பைக்கில் வந்தார். அவர்தான் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏலே செல்லச்சாமி, டெட் பாடி வந்தா கூடவே போலீஸ் பேப்பர் வருமே, இதுல மியூசிக்குன்னுல்ல போட்டிருக்கு என்று கத்தினார். கடப்பாறை கொண்டுவந்து நெம்பினார்கள். உள்ளே உங்கள் நீலச் சட்டை, கைலி, வேட்டி. எல்லாம் சுற்றி நடுவில் நம் நெட்டையன், உங்கள் பேஸ்.

அந்த நிமிஷம் நான் சிரித்தேன். வெட்கமில்லாமல் ஊர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன். சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். அட கிறுக்குப் பயலே, கட்டைக்கா மாலை போட்டோம் என்று செல்லச்சாமி உங்களைக் கண்டபடி வைதார். பந்தல்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நீலச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தணிந்த குரலில் சொன்னார். அவன் உசுரோட இருந்தா இத விட்டுப் பிரிவானாத்தா? ஆள அங்கனயே பொதைச்சுப்புட்டாக. உடுத்துனதையும் இதையும் நமக்கு அனுப்பியிருக்காக. ஒங்கிட்ட சொல்ல மனசில்லாம மறைக்கிறாக.

அவர் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் அதை எப்படி வைத்திருந்தீர்கள் என்று இந்த ஊருக்கே தெரியும். முதலில் உங்கள் கையாலேயே பச்சைப் பூவரசில் செய்தது ஒரே மாதத்தில் வில்லாக வளைந்து, அத்தை அதைக் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டாவது, கம்பியை முறுக்கும்போதே கழுத்தில் விரிந்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை நீங்கள். மூன்றாவதுதான் நெட்டையன். வேங்கைக் கழுத்து. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து, சத்தம் பிடிப்பதற்காக அதில் முடி மாதிரிச் செம்புக் கம்பியை வாசல்படியில் உட்கார்ந்து சுற்றினீர்கள். நான் குறுக்கே போனால்கூட, சேது காத்தடிக்குது என்று விரட்டினீர்கள். என்னைவிட ஒரு முழம் உயரமாக அதை நிறுத்தியபோது, இந்தா வந்துட்டான்டி ஒனக்கு ஒரு கொழுந்தன், நெட்டையன் என்று பேர் வைத்ததே அத்தைதான்.

வயிறே இல்லாத வாத்தியம், கரண்டு இல்லாவிட்டால் சத்தமே இல்லை, இதையா ராப்பகலாகத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கல்யாணமான புதிதில் உங்களைக் கேலி செய்தேன். கரண்டு போன ஒரு நாள் என் காதை அந்தக் கழுத்துக் கட்டையில் வைக்கச் சொல்லி மெதுவாக ஒரு கம்பியை இழுத்தீர்கள். அது காதில் கேட்கவில்லை, தாடையில் கேட்டது. அதற்கப்புறம் எந்தத் திருவிழாக் கச்சேரியிலும் பாடுகிறவரை நான் பார்த்ததில்லை. பின்னால் நெட்டையனைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆளைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் பிடிப்பீர்கள், நான் நின்றுகொண்டு வருவேன். ஏர்போர்ட்டில் எனக்குக் கையசைத்ததைவிட, அதை ஏற்றுகிற ஆளைப் பார்த்து மெதுவா மெதுவா என்று கத்தியதுதான் அதிகம். அப்படிப்பட்டவர் அதைத் தனியாகப் பெட்டியில் போட்டு அனுப்பினால், பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்?

போனில் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அத்தையைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஆத்தா நான்தான், நாகநாதன் என்று நீங்கள் சொன்னது எனக்கே வெளியே கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வைத்த பிறகும் அவர் ரிசீவரை வைக்கவில்லை. நீ யாரு பெத்த பிள்ளையோ, கெழவி மனசு நோகக் கூடாதுன்னு எம்மகன் மாதிரிப் பேசுற, நீ நல்லா இருய்யா, ஒன் ஆத்தாட்ட சீக்கிரம் போய்ச் சேரு என்று அந்தச் செத்த போனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்களையே அந்நியன் என்று நினைத்து உங்கள் அம்மா வாழ்த்துச் சொன்னார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேதுராமன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். மைக்செட் கொண்டுவந்து நெட்டையனை மாட்டி வாசித்துக் காட்டினார். கார்கோவில் வந்தும் ஒரு கீறல் இல்லை, சத்தம் அதே சத்தம். அத்தை ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெரலு வேற என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன வாரம் சுஐபு அண்ணன் கீழக்கரையிலிருந்து பேரீச்சம்பழத்தோடு வந்தார். அத்தை கேட்ட முதல் கேள்வி, எம்பிள்ளைய எங்கன பொதைச்சீங்க என்பது. அந்த மனுஷன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் வாசித்துக்கொண்டிருந்த ஹோட்டலில் கச்சேரியை நிறுத்தியது, நீங்கள் ஃபர்னிச்சர் பட்டறைக்குப் போனது, மரம் அறுக்கிற மெஷினில் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நெட்டையனைச் சுற்றிப் பெட்டியில் அடித்தீர்களாம். முதலாளியே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியும், இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு போவேன் என்று நீங்கள்தான் மறுத்தீர்களாம். யா அல்லாஹ், சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே தங்கச்சி என்று அவர் அழுதார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு நான் அழுத அழுகை, அந்தப் பெட்டி வந்த அன்றைக்கு அழாததற்கும் சேர்த்துத்தான். அந்த விரல் கம்பியில் மேலே ஏறி நடுங்குவது என் கண்ணிலேயே நிற்கிறது. மச்சான், எனக்குக் கோபம் விரலுக்காக இல்லை. எனக்கு அப்படி ஒன்று நடந்து நான் மறைத்திருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? பேஸ் வாசிக்கிறவர் என்றா உங்களைக் கட்டிக்கொண்டேன்? அத்தை மகன் என்று கட்டிக்கொண்டேன், வாத்தியம் பின்னால் வந்தது. ஊர் என்ன சொல்லும் என்கிறீர்களா? ஊர் உங்களுக்கு மாலையே போட்டுவிட்டது, இனி சொல்ல என்ன மிச்சம்?

விரல் போனதை அத்தையிடமும் சொல்லிவிட்டேன். சுஐபு அண்ணனையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அதையும் ஆறுதலுக்குச் சொல்கிற கதை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

இப்போது நடக்கப்போவதைக் கேளுங்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகவேண்டும் என்று அத்தை முடிவு பண்ணிவிட்டார். செல்லச்சாமியை விட்டு அக்கினி தீர்த்தத்தில் உங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப்போகிறாராம். உங்கள் துணிமணியையும் நெட்டையனையும் அங்கேயே கடலில் விடப்போகிறாராம். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணியா என்று செல்லச்சாமி கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்துவிட்டார். எம்பிள்ள அங்கன தண்ணி கேட்டு நிக்கிறான், நீ எறைக்காட்டி நான் எறைக்கேன் என்கிறார். நான் சண்டை போட்டேன், இரண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்தேன். கடைசியில் அவர்தான் எனக்கு ஊட்டிவிட்டார். என் தாலியைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேச்செடுத்தபோது, அவ நம்புற மட்டும் அது அவ கழுத்துல கெடக்கட்டும், எவளும் வாயைத் தொறக்கப்படாது என்று எல்லாரையும் விரட்டியதும் அவர்தான். இப்படி ஒரு மனுஷியிடம் நான் எப்படிச் சண்டை போட்டு ஜெயிப்பேன்?

ஆடி அமாவாசைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதாம், டிக்கெட்டும் இன்னும் கிடைக்குமாம், சுஐபு அண்ணன் சொல்லிவிட்டார். ஆகையால் சாக்குச் சொல்லாதீர்கள்.

நேற்று சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஏத்தா, அவன் இருக்கான்னு நீ எதவச்சு இம்புட்டு உறுதியாச் சொல்ற என்று அத்தை கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். போனில் பேசினாரே என்று சொல்ல வந்தேன். அந்தக் குரல் என்னிடம் சொன்னது என்ன? ஹோட்டலில் வேலை நன்றாகப் போகிறது என்றது, கச்சேரிக்கு நல்ல கூட்டம் என்றது, கை கால் சுகம் என்றது. அத்தனையும் பொய். சுஐபு அண்ணன் சொன்னாரே என்றால், அவரும் நல்லவர், நல்லவர்கள் இந்த மாதிரி விஷயத்தில் பொய் சொல்வார்கள் என்று அத்தைக்குத் தெரியும். என் கையில் ஒன்றுமே இல்லை மச்சான். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தேன். அத்தை என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அத்தைக்காக வாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இப்போது எனக்காகவும் கேட்கிறேன். ராமேஸ்வரத்துக்கு அத்தையோடு போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றிலிருந்து, நானும் அத்தையை நம்பிக் கூடப் போய்விடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மிச்சம் இருக்கிற எட்டு விரலோடு நீங்கள் நூறு வயசு இருக்கவேண்டும்.

சேதுலட்சுமி