அவர் சாப்பிட்ட சத்து மாத்திரை

ஜூன் 4
இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டுவிட்டது. தோல் பொசுங்குகிற வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். வலியே இல்லை. சலவைக்கடை முதலாளியம்மா மெச்சிக்கொண்டாள்: "உனக்கு இரும்பு உடம்புடி!" ஏற்கெனவே மூன்று மாதமாக அந்த இடம் வெளுத்துத்தான் கிடக்கிறது. ஒண்ணுமில்லை என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். எல்லாம் வீட்டுக்காரரிடம் படித்த படிப்பு.

ஜூன் 9
தோல் டாக்டர் பஞ்சால் தொட்டார். "கண்ண மூடிக்கோம்மா. தொடறது தெரியுதா?" தெரியவில்லை. தொழுநோயாம். ஆரம்பம்தானாம், ஆறு மாதம் மாத்திரை போட்டால் போய்விடுமாம். மாத்திரை அட்டையை நீட்டினார். வாங்காமல் ஓடி வந்துவிட்டேன்.

அதே அட்டை. போன வருஷம் வீட்டுக்காரர் காரியம் முடிந்த மறுநாள், டிரில் மெஷின் பெட்டிக்கு அடியில் கிடைத்த அதே அட்டை. ஊருக்கெல்லாம் விளக்குப் போட்ட எலக்ட்ரீசியன், பெண்டாட்டியை மட்டும் இருட்டில் வைத்திருந்தார். கடைசியில் அவருக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கேட்டார்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று. "சத்து மாத்திரை சார்." பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். கட்டிலில் படுத்துக்கொண்டும் அதைத் திருட்டுத்தனமாக முழுங்கியிருக்கிறார், மகா ஒழுங்கு. அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினபோது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமேம்மா" என்றார். "நீங்களும் ஒரு தடவ காட்டிக்கோங்க" என்றார். போனேனா?

ஜூன் 10
போனேன். நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தினமும் போடுகிற வெள்ளை மாத்திரைதான் அவருக்கு ஆகாமல் போயிருக்கும், பேர் டாப்சோன் என்றாள். "நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான்கா ஒத்துக்காது." அந்த ஒருத்தரைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டவள் நான். "நாலு அஞ்சு வாரத்துல காய்ச்சலோ தடிப்போ வந்தா நிறுத்திட்டு ஓடி வாங்க. பேரைச் சொல்லுங்க, மறைக்காதீங்க." முதல் மாத்திரைகளை அவள் எதிரிலேயே போடச் சொன்னாள். போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஜூன் 11
சிறுநீர் சிவப்பு. மாத்திரையோட சாயம்தான் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் பயத்திலேயே போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஜூன் 21
நாத்தனார் வந்தாள், எனக்கென்று தனி டம்ளரோடு. "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."
"உங்க அண்ணன் யார்கிட்டயும் சொல்லல. மானத்தோடதான் போய்ச் சேர்ந்தாரு" என்றேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஜூலை 14
அஞ்சாவது வாரம். உடம்பு கொதிக்கிறது. வெள்ளை மாத்திரையைத் தொடவில்லை. கண்ணாடியில் கண்ணைப் பார்த்துப் பார்த்து... மஞ்சளா? விளக்கு வெளிச்சமா? என்னையும் கொண்டுபோகப் போறியாய்யா?

ஜூலை 15
ஆஸ்பத்திரியில் நாற்பது பேர் வரிசை. சீட்டு எழுதுகிறவர் கேட்டார், என்ன மாத்திரை சாப்பிடறீங்க? வாயில் வந்தது என்ன தெரியுமா? "சத்து..." அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு கத்தினேன். "டாப்சோன்! தொழுநோய் மாத்திரை! இதுலதான் என் புருஷன் செத்தாரு!" வரிசை ரெண்டாகப் பிளந்து வழி விட்டது. முதல் ஆளாக டாக்டரைப் பார்த்தேன். இந்த வியாதியில் இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் சொல்லவே இல்லை. ரத்தம் எடுத்தார்கள்.

ஜூலை 18
ரத்தம் சுத்தம். ஈரலுக்கு ஒன்றுமில்லை. வெறும் சளிக்காய்ச்சல். ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்த முதலாளியம்மா கொடுத்தது. என்னிடமிருந்து ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று என் மேசையைப் பின்கட்டுக்குத் தள்ளிய அதே மகராசிதான். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 8
மூன்றாவது அட்டை. முன்ரூமில் அவர் படத்துக்கு முன்னால் சாத்தி வைத்திருக்கிறேன். நாத்தனார் பதறினாள்: "யாராவது வந்தா பாப்பாங்க அண்ணி, உள்ள வைங்க."
"பாக்கட்டும். மொதல்ல உங்க அண்ணன் பாக்கட்டும்."

அவள் போனதும் படத்துக்கு நேராக நின்று இன்றைய மாத்திரையை முழுங்கினேன். வாயைத் திறந்து அவருக்குக் காட்டினேன்.