இருநூற்றுப் பன்னிரண்டாம் படம்

மார்ச் 3
அக்கா இன்றும் எலி மூளையோடுதான் சாப்பிட வந்தாள். தட்டில் இல்லை, கண்ணில். லேப் கணினிக்கு வரிசை நிற்கிறதாம், படங்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

எலிகள் இரண்டு வகை: இருட்டில் வளர்ந்தவை, வெளிச்சத்தில் வளர்ந்தவை. மூளையில் பார்வைக்கான பகுதியை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினால், கால்பிண்டின் உள்ள நரம்பணுக்கள் மட்டும் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கால்சியத்தைப் பிடித்துவைக்கிற புரதமாம். பெயரைச் சொன்னாலே எனக்குக் கால் பின்னுகிறது. முந்நூறு படம். எது எந்த எலி என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு ஆய்வு வழிகாட்டியான மேடம் எண் மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எண்ணுவதுதான் வேலை. முப்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் போச்சு.

"இருட்டுல வளர்ந்தது எலியா, நீயா?" என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 5
அவள் குளிக்கப் போன நேரத்தில் 212ஆம் படத்தைத் திறந்தேன். அதே பழுப்பில் பதினாலு புள்ளி வரைந்துவைத்தேன். இரண்டு கண், பன்னிரண்டில் ஒரு இளிப்பு. பார்த்ததும் அலறுவாள், துரத்துவாள். இந்த வீட்டில் யாராவது ஓடி எத்தனை நாளாச்சு!

மார்ச் 6
அலறல் இல்லை.

மார்ச் 7
212 முடிந்திருக்கிறது! அட்டவணையில் அறுபத்தொன்று. என் பதினாலையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

பின்னால் நின்று பார்த்தேன். பெரிதாக்கி, கட்டம் கட்டமாக நகர்கிறாள். முழுப் படத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு கண், அடுத்ததில் வாயோரம். ஆனாலும் - அசல் அணுவுக்கு ஓரம் கலங்கியிருக்கும், சின்ன வால் இருக்கும். என்னுடையது சட்டைப் பொத்தான் மாதிரி மழமழ.

சொல்லிடலாமா? திட்டுவா. நாளைக்குப் பார்த்துக்கலாம்.

மார்ச் 15
நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு நாள். எண்ணி முடித்துவிட்டாள். எந்தப் படம் எந்த எலி என்று மேடமும் சொல்லியாச்சு.

"ஏய் வாலு, இருட்டு எலிக்கு அணு கம்மிடி! வித்தியாசம் நிக்குது!" என் கன்னத்தைப் பிய்க்காத குறை. அவள் சிரித்துப் பார்த்தே மாசமாச்சு.

மார்ச் 16
சொல்லிட்டேன்.

அடிக்கவில்லை. படத்தைத் திறந்தாள், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து இளித்தது.

"அசல் படம் லேப்ல இருக்குல்லக்கா? அதை மட்டும் திரும்ப எண்ணிட்டா..."

"அதில்லடி. இந்தப் பொத்தானையெல்லாம் அணுன்னு எண்ணியிருக்கேன். அப்போ மத்த படத்துல எதை எண்ணினேன்?"

பழைய படங்களில் ஐந்தை எடுத்து மறுபடி எண்ணினாள். ஐந்திலும் முன்பு வந்தது வேறு, இப்போது வந்தது வேறு. ஒன்றில் பத்தொன்பது உதைக்கிறது.

"பேசாம கொடுத்துடேன், யாரு பார்க்கப் போறா?" என்றாள் அம்மா.

"நான் பார்த்துட்டேனேம்மா."

மார்ச் 17
மேடத்திடம் அக்காவோடு நானும் போனேன். "என் கண்ணுதான் தப்பு பண்ணிடுச்சு. எல்லாத்தையும் மறுபடி எண்ணணும்." என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் வாயைத் திறந்ததும் காலை மிதித்தாள். மிதிக்கட்டும்.

"நான்தான் மேடம் வரைஞ்சேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "முப்பதாம் தேதி போச்சு, தெரியுமில்ல?" என்று அக்காவிடம்தான் கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம்: "பொய்ப் புள்ளி எப்படி இருக்கும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும். ரெண்டாவது ஆளா நீயே உட்காரு. எது எந்த எலின்னு தெரியாதபடி படத்துக்கெல்லாம் புது நம்பர் போட்டுத் தரேன்."

மார்ச் 30
கொடுக்கவில்லை.

ஏப்ரல் 11
எண்பத்தெட்டாவது படம். அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை. கண் எரிகிறது, முதுகு கெஞ்சுகிறது, நக்கல் ஒன்றும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

மத்தியானம் அக்கா, "போதும்டி, எழுந்திரு. உனக்கும் பரீட்சை வருது" என்றாள்.

"இன்னும் நாலு கட்டம் இருக்கு. நீ போய்ப் படு."

மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துவிட்டாள். கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி. அணுவா, தூசியா? ரொம்ப நேரம் பார்த்தேன். அவளை எழுப்பவில்லை. அட்டவணையில் 'சந்தேகம்' என்று தனியே ஒரு பத்தி போட்டு, அதில் ஒன்று என்று எழுதினேன்.