மாதாவை இறக்கி வையுங்கள்

குவைத்
2004 ஒக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் எப்படி என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தங்கச்சி ரோஷானி எழுதிவிட்டாள். மருந்துக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு அலைந்தும் குறையவில்லையாம். எப்படிக் குறையும்? நான் காசு அனுப்பி எடுத்த கேஸ் அடுப்பைத் துணியால் மூடி, அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்துவிட்டு, இன்னும் றப்பர் விறகைத்தானே ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்!

வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நினைப்பில் இங்கே அடுப்பை மூட்டினேன். பால் பொங்கி அடைத்திருந்த பர்னர், முதலில் பற்றாமல் பிறகு குபீரென்று எழுந்து புருவத்தைக் கருக்கிவிட்டது. கொஞ்சம்தான், பயப்படாதீர்கள். வீட்டுக்கார மேடம் ஓடிவந்து அடுப்பைத்தான் தடவிப் பார்த்தாள்.

பயம் என்று சாட்டுச் சொல்லாதீர்கள். பால் பொங்கினால் ஆறவிட்டு, பர்னர் மூடியைக் கழற்றுங்கள். ஓட்டைகளை ஊசியால் குத்தி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கேஸ் குழாயில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் பற்றவைக்கவே வேண்டாம். அவ்வளவுதான் வேலை.

"கிறிஸ்மஸுக்கு எம் மக வந்து அவ கையால பத்த வைக்கட்டும்" என்று தோட்டத்து லயமெல்லாம் சொல்லித் திரிகிறீர்களாம். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? மேடம் என்னைக் கேட்காமலே இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசா போட்டுவிட்டாள். பாஸ்போர்ட் அவளுடைய அலுமாரியில் இருக்கிறது.

மாதாவை இறக்கி வையுங்கள், அம்மா. நாளைக்கே உங்கள் கையால் பற்றவைத்து ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடியுங்கள். எப்படி இருந்தது என்று ரோஷானியை எழுதச் சொல்லுங்கள்.

மேடம் கத்துகிறாள்.

மகள்
ஜெசிந்தா