உதட்டை மட்டும் பார்

அன்புள்ள எர்சீலியா,

நீயும் அம்மாவும் சுகமாயிருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே ஸ்பெயினில், அல்மெரியா புழுதியில் நான் கௌபாய் வேடம் கட்டியிருக்கிறேன். சிரிப்புப் படமாம். கதாநாயகனிடம் துப்பாக்கி கிடையாது, மொச்சை வெந்த சட்டியால் எல்லோர் மண்டையிலும் போடுகிறான். பார்க்கிற குதிரைக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று சட்டியடி பட்டு நான் செத்தேன். முழங்காலில் லேசான சிராய்ப்புதான். தைலம் இருந்தால் அனுப்பு.

சாகும்போது என்ன பேசுவதென்று இயக்குநரைக் கேட்டேன். "வாய் அசைஞ்சா போதும்யா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு. ரோம்ல வேற எவனாவது குரல் குடுப்பான்," என்றார் அந்த மேதை.

நான் எண்ணவில்லை. உன்னிடம் பேசினேன்.

மறுபடி சாகக் கூப்பிடுகிறார்கள். படம் நம் ஊருக்கு வந்தால், காதைப் பொத்திக்கொண்டு என் உதட்டை மட்டும் பார்.

நேவியோ